தேங்கிய தண்ணீர் எந்தப் பட்டியலில் வரும்?

பாப்பா,

நீ மத்திய அரசு வேலையில் சேர ரயில் ஏறிப் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். எனக்கு வார்த்தை தடித்துவிடும். உன் அப்பா போனைப் பிடுங்கி, "சாப்ட்டியாம்மா? அங்க குளுருதா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். இது பேச்சு மாறக் கூடாத விஷயம். அதனால் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. படிக்கட்டும்.

கோபம் எதற்கு என்று உனக்கே தெரிந்திருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்கம்மா மேல இருக்குற ரயில்வே கேஸு, ஒன் வேலைக்கு எதுவும் எடஞ்சல் ஆவாதுல்ல?" நீ சிரித்தாய். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா. ஆனா அம்மா செஞ்சது தப்புதான். ரயில்வே எடத்துல ஜேசிபிய வுட்டுத் தோண்டலாமா? ரூல்னா ரூல். சென்ட்ரலு, ஸ்டேட்டுங்குறதெல்லாம் டெல்லியிலயும் சென்னையிலயும் ஒக்காந்திருக்கவங்க போடுற சண்டை. நம்மூருக்கு அதுல என்ன இருக்கு?" கையில் குழம்புக் கரண்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் ஊரைவிட்டுப் போகிற பிள்ளையைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துத் திட்டக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மூடின வாய் இத்தனை நாளும் மூடியே இருந்ததில் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

நீ அறியாத பிள்ளை என்றால் விட்டிருப்பேன். பரீட்சைக்குப் படித்த காலத்தில் நீ லீவுக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாய். நானும் அரியலூர் காலேஜில் பி.ஏ. வரலாறு படித்தவள், எனக்கும் அது பிடித்திருந்தது. அரசியல் சட்டத்தில் எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரிக்கிற ஏழாவது அட்டவணை உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ரயில்வே?" என்பேன். "ஒன்றியப் பட்டியல்." "ரோடு?" "மாநிலப் பட்டியல்." "ஆஸ்பத்திரி?" "மாநிலம்." "படிப்பு?" "முன்னாடி மாநிலம், எமர்ஜென்சி காலத்துல பொதுப் பட்டியலுக்குப் போயிடுச்சு." அப்பா ஈரக் காலோடு உள்ளே வந்து, "ஒன்றியம்னா நம்ம பி.டி.ஓ. இருக்குற யூனியன் ஆபீஸா?" என்று கேட்க, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாய். ஆனால் பட்டியல் எல்லாம் காகிதத்தில்தான் தனித்தனியாக இருக்கிறது, தரையில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது என்பதை அந்தப் புத்தகம் உனக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. நான் அதைச் சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்று படித்தேன்.

நம் ஊர் அமைப்பு உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீடும் காடும் எல்லாம் தண்டவாளத்துக்குக் கிழக்கே. அரியலூர் போகிற மெயின் ரோடு மேற்கே. பள்ளிக்கூடம், ரேஷன் கடை தவிர மனுஷனுக்கு வேண்டியது எல்லாமே மேற்கே. முன்பு ஒரு கேட் இருந்தது. கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். இனி ரயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். நான் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த வருஷத்து மழையிலேயே அது குளமாகிவிட்டது. ரோட்டுத் தண்ணீர், காட்டுத் தண்ணீர் எல்லாம் அதில் இறங்கும். வெளியே போக வழி கிடையாது. டூவீலரைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டுவதை ஊரே பழகிக்கொண்டது. கெட்டதைப் பழகிக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

மல்லிகா அத்தையைப் பாம்பு கடித்தது உனக்குத் தெரியும். "கடிச்சிது, காப்பாத்தியாச்சு, நீ படி" என்று மட்டும்தான் போனில் சொன்னோம். அப்போது உனக்கு மெயின் பரீட்சை. அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்கிறேன்.

ஐப்பசி. இரண்டு நாளாக விட்டுவிட்டு மழை. நனைந்த மக்காச்சோளம் முளைத்துவிடும் என்று, மழை ஓய்ந்த நேரத்தில் அத்தை கதிர் ஒடிக்கப் போயிருந்தாள். கண்ணாடி விரியன். காலைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தின சத்தம் எங்கள் கொல்லை வரைக்கும் கேட்டது. 108-க்குப் போன் அடித்தோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உடனே வந்துவிட்டார்கள். ஆனால் வண்டி சுரங்கப்பாதையின் அந்தப் பக்கம் நின்றது. உள்ளே நெஞ்சளவு தண்ணீர். அப்பா தன் தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். ஏறினால், சிக்னலுக்காக ஒரு கூட்ஸ் வண்டி நிற்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி தெரியவில்லை. போய்விடும், போய்விடும் என்று நின்றோம். அத்தைக்குக் கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. "அண்ணி, கண்ணு மங்குது" என்றாள்.

என் புடவைத் தலைப்பைக் கிழித்து அவள் இடுப்பில் சுற்றிக் கட்டி, நுனியை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா குப்புறப் படுத்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வண்டிக்கு அடியில் நுழைந்தார். அவர் அந்தப் பக்கமிருந்து இழுக்க, நான் இந்தப் பக்கமிருந்து தள்ள, ஜல்லியில் முதுகு உரசி உரசி அவளை நகர்த்தினோம். பாதியில் வண்டி ஒருமுறை குலுங்கியது. பெட்டிக்குப் பெட்டி அந்தச் சத்தம் ஓடி வந்ததை இன்றைக்கும் என் காது மறக்கவில்லை. "ஐயோ, தங்கச்சி" என்று உன் அப்பா கத்தினாரே, அந்த மாதிரி அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே வந்து அத்தையை ஸ்ட்ரெச்சரில் கிடத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. உயிர் பிழைத்தாள். சிறுநீரகம் பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அதே சுரங்கப்பாதை வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

நான் அலைய ஆரம்பித்தேன். ரயில்வே ஆபீஸில் ஒரு சார் மரியாதையாகவே பேசினார். "சப்வே எங்களுதுதாங்கம்மா. கட்டிக் குடுத்துட்டோம். தண்ணி எங்கேர்ந்து வருது? ரோட்டுலேர்ந்து. ரோடு ஸ்டேட்டு. அவங்க வடிகால் போட்டா தண்ணி ஏன் நிக்கிது?" நெடுஞ்சாலை ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவரும் மரியாதைக்காரர்தான், டீ வரவழைத்தார். "ரோடு எங்களுதுங்க, இல்லங்கல. ஆனா தண்ணி நிக்கிற எடம் ரயில்வே. அவங்க எடத்துல நான் ஒரு மம்பட்டி வெக்க முடியுமா? நீங்க டெல்லிக்கு எழுதுங்க." நான் கேட்டேன்: "ஏன் சார், தண்ணி உள்ள எறங்குறப்ப ஸ்டேட்டு, எறங்கி நின்னுட்டா சென்ட்ரலா?" அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். நான் அவர்களைச் சிரிக்க வைக்கப் போகவில்லை.

கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மனு கொடுத்தேன். மனுவை இந்த இரண்டு ஆபீஸுக்குமே அனுப்பினார்கள். இரண்டு பேரும் எங்கள் வரம்பில் வராது என்று அழகாகப் பதில் எழுதினார்கள். சென்னையில் ஆள்கிற கட்சிக்காரரிடம் போனால், டெல்லி நம்மை வஞ்சிக்கிறது என்று எனக்கே மேடைப்பேச்சுப் பேசினார். டெல்லியில் ஆள்கிற கட்சிக்காரர், சென்னை ஒத்துழைப்பு கொடுப்பதில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது, பாப்பா. அதுதான் எனக்கு அதிக எரிச்சல். இரண்டு உண்மைக்கும் நடுவில் நெஞ்சளவு தண்ணீர் அப்படியே நின்றது.

மே தினத்துக் கிராம சபையில் விஷயத்தை வைத்தேன். சுரங்கப்பாதையிலிருந்து ஓடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், தண்ணீர் தானே வடிந்துவிடும், சரிவு அப்படித்தான் இருக்கிறது. கொஞ்ச தூரம் ரயில்வே இடம், அப்புறம் ரோட்டோரம், அவ்வளவுதான். பஞ்சாயத்து கிளார்க் என் காதருகே குனிந்து, "தலைவரம்மா, வேணாங்க. நாளைக்கி கலெக்டர் நெனச்சா ஒங்க பதவியவே எடுத்துடலாம். சட்டத்துல எடம் இருக்கு" என்றார். எனக்கும் தெரியும். நான் யோசித்துக்கொண்டு நின்றபோது மல்லிகா அத்தை எழுந்தாள். ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாகிப்போன கையைத் தூக்கிக் காட்டவெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஊரே மழ வேணும்னு சாமிய கும்புடுது. நா மட்டும் ஆஸ்பத்திரிக்கிப் போற அன்னைக்கி மழ வந்துடக் கூடாதுன்னு கும்புட்டுக்கிட்டுக் கெடக்குறேன். வெவசாயக் குடும்பத்துல பொறந்துட்டு இப்படிக் கும்புடுறது பாவம் அண்ணி. என்னால முடியல." தீர்மானம் நிறைவேறியது.

ஜேசிபி வந்தது. காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் வாய்க்கால் தயார். அடுத்த பெருமழைக்கு ஊர் சனம் குடையோடு மேட்டில் போய் நின்று பார்த்தது. தண்ணீர் சுரங்கப்பாதைக்குள் இறங்கியது, சுழன்றது, வாய்க்காலைக் கண்டுபிடித்தது, ஓடைக்குப் போய்விட்டது. ஏதோ திருவிழா மாதிரி சிரித்தோம். அன்றைக்கு அத்தை ஆட்டோவிலேயே போய்விட்டு ஆட்டோவிலேயே திரும்பினாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி.

அதற்கப்புறம்தான் வந்தது நோட்டீஸ். ஒன்றல்ல, இரண்டு. ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைந்து தோண்டியதற்கு ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்தைச் சேதப்படுத்தியதற்கு ஒன்று, கூடவே என்னை ஏன் பதவியிலிருந்து நீக்கக் கூடாது என்று கலெக்டரிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம். கூட்டாய்வு என்று ஒரு நாள் இரண்டு ஆபீஸ் ஜீப்பும் வந்து நின்றன. அத்தனை வருஷமும் ஒன்றாக வந்து தண்ணீரைப் பார்க்க நேரமில்லாதவர்கள், தண்ணீர் போன பிறகு ஒன்றாக வந்தார்கள். நான் கேட்டேன்: "சார், தண்ணி நின்னப்ப யாருதுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் எங்களுது இல்லன்னீங்க. இன்னைக்கி ரெண்டு பேருமே எங்களுதுங்குறீங்க. அப்ப கஷ்டம்னா எங்களுது, எடம்னா ஒங்களுதா?" ரயில்வே அதிகாரி சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும். "எமோஷனலா பேசாதீங்க மேடம், இது சட்டப் பிரச்சனை" என்றார். வண்டிக்கு அடியில் மனுஷியைத் தள்ளிக்கொண்டு போனவளிடம் எமோஷனல் என்றார். நீயும் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு ரூல்னா ரூல் என்றபோது, எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

வாய்க்கால் என்ன ஆயிற்று என்றால், அப்படியேதான் இருக்கிறது. மூட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். யார் மூடுவது என்பதில் அவர்களுக்குள் சண்டை. மூடுவதும் ஒரு வேலைதானே! "அது அவங்க வரம்பு" என்று இவரும், "அது இவங்க வரம்பு" என்று அவரும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எங்களைக் கொன்ற அதே வரம்புச் சண்டைதான் இன்றைக்கு எங்கள் வாய்க்காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை, பாப்பா. வயிறு எரிகிறது. கேஸ் மட்டும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

நம்மூருக்கு அதில் என்ன இருக்கு என்று கேட்டாயே. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசைப்பட்ட எந்த வீட்டிலாவது போய்க் கேள். நம் மாநிலத்து ஆஸ்பத்திரிக்கு, நம் மாநிலம் கட்டின காலேஜுக்கு, யார் உள்ளே வரலாம் என்று நம் சட்டமன்றம் சொல்ல முடியாதாம். சட்டம் போட்டுச் சொன்னால் அந்தக் கோப்பு ராஜ்பவனில் தூங்கும், அப்புறம் டெல்லியில் தூங்கும். நம் மண்ணைத் தோண்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லுக்குச் சட்டம் டெல்லியில் எழுதப்படும், லாரித் தூசி நம் மூக்கில் ஏறும். வரி என்று வாங்கினால் மாநிலத்துக்குப் பங்கு தர வேண்டும், அதற்கே செஸ் என்று பேர் வைத்துவிட்டால் தர வேண்டாம். ஓட்டுப் போட்டு ஒரு அரசாங்கத்தை உட்கார வைத்தவர்களைப் பார்த்து, உனக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்வதற்குப் பேர் ஆட்சி இல்லை. ஒரே நாடு என்றால் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரே மேஜை என்று அர்த்தமா? அரசியல் சட்டம் மாநிலத்தைக் கிளை ஆபீஸாக எழுதி வைக்கவில்லை. நீ படித்தாய், நானும் படித்தேன்.

ஆனால் சென்னையை நான் சும்மா விடுவேன் என்று நினைக்காதே. டெல்லியைப் பார்த்து அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நியாயம். அதே கேள்வியை நான் கீழேயிருந்து கேட்டால் காது கேட்காது. பஞ்சாயத்துக்கு இருபத்தொன்பது விஷயங்களில் அதிகாரம் கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கொடுக்க "லாம்". கொடுக்க வேண்டும் என்று இல்லை. அந்த ஒரு "லாம்"-ஐ வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள். என் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் என்று ஒருவரிடம் ஊரைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு இது மாதிரி நிறைய ஊர். ஒரு மாநிலத்துத் தேர்தலைத் தள்ளிப்போட்டு ஆளுநர் கையில் கொடுத்தால் சென்னையில் எவ்வளவு சத்தம் கிளம்பும்? கிளம்ப வேண்டியதுதான். எங்கள் ஊருக்குச் சத்தம் போட யார் இருக்கிறார்கள்? மேலே இருப்பவன் பிடுங்கினால் அநியாயம், நான் பிடுங்கினால் நிர்வாகம். இந்த நியாயம் டெல்லியிலும் ஒன்றுதான், சென்னையிலும் ஒன்றுதான்.

நான் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. ரயில் பாதையை ஆளாளுக்குத் தோண்டினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் தோண்டுவதற்கு முன்னால் அத்தனை படி ஏறி இறங்கினேன். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவனிடம் பொறுப்பும் இருக்க வேண்டும். பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிட்டு அதிகாரத்தை மடியில் கட்டிக்கொள்வதற்குத்தான் வரம்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். நீ உட்காரப் போகிற மேஜைக்கும் ஏதோ ஒரு மாநிலத்திலிருந்து, உனக்குப் பாஷை தெரியாத ஏதோ ஒரு ஊரிலிருந்து, என்னைப் போல ஒருத்தி மனுவோடு வருவாள். எங்கள் வரம்பில் வராது என்று எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் எழுந்து போய் அந்த இடத்தைப் பார். அது உன்னுடையது இல்லை என்றால், யாருடையதோ அவரைக் கூப்பிட்டு அவளுக்கு முன்னால் உட்கார வை. அவளை அங்கே அனுப்பாதே, அவரை இங்கே வரச் சொல். உன் அம்மா உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். இதற்கு எந்த ரூலும் குறுக்கே நிற்காது.

அத்தை நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல மாட்டேன், இருக்கிறாள். அப்பா உன் அறையில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்து வைத்தார், யாரும் கேட்காமலே. வாய்க்காலில் மண் சரிந்து தூர்ந்துகொண்டு வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வாரிவிட வேண்டும். தனி அலுவலரிடம் சொன்னேன், "ரயில்வே எடமாச்சேங்கம்மா" என்று இழுத்தார். நான் இப்போது தலைவரும் இல்லை, ஒன்றும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் தெருப் பொம்பளைகளும் மண்வெட்டியோடு போகிறோம். உன் அப்பாவும் வருகிறார்.

மறுபடியும் நோட்டீஸ் வரும். வரட்டும். என்றைக்காவது அது உன் ஆபீஸிலிருந்து வந்தால், கையெழுத்தை மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி போடு. யார் அனுப்பியது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா